முத்திரை இல்லாத இழைப்புளி

மார்ச் 3

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரர், அப்பா மூவரும் சுகம். உங்கள் காதும் பெரியம்மாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன? போனில் பேசினால் எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்று சொல்லிவிட்டு, வைத்த பிறகு பெரியம்மாவிடம் "என்ன சொன்னா?" என்று கேட்கிறீர்களாம். அதனால்தான் கடிதம்.

அப்பா தனியாக இருந்தது போதும் என்று எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். அவர் வீட்டை ஒழிக்க ஒரு வாரம் ஆனது. எதையும் தூக்கிப் போட விடவில்லை. கம்பி போன குடை, மூடி இல்லாத பேனாக்கள், மரக்கிடங்கில் அளவு பார்த்த காலத்து நாடாக்கள், எல்லாம் மூட்டை மூட்டையாக இங்கே வந்துவிட்டன. ஒரே ஒரு பொருளை மட்டும் அவரே கொண்டுபோய் விறகோடு போட்டார். பிரித்துப் பார்த்தால், அழுக்குத் துணிக்குள் மரம் சீவுகிற ஒரு இழைப்புளி.

"இது ஏன்பா விறகுக்கு?" என்றேன்.

"உளுத்துப் போனது. எப்பவோ பழைய இரும்புக் கடையில வாங்கினது. போடு அங்க."

உளுத்ததாக எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்து என் துணி அலமாரியில் வைத்திருக்கிறேன். நீளம் இருபத்திரண்டு சென்டிமீட்டர், அகலம் ஆறு. ஒரே கட்டையில் குடைந்தது. நல்ல கருப்பு மரம். நடுவில் செருகிய வெட்டிரும்பின் பின்பக்கம் மெல்லிய வரிகள் ஓடுகின்றன. எந்தப் பக்கத்திலும் பெயரோ எண்ணோ முத்திரையோ இல்லை. அலுவலகத்தில் வரைபடம் வரைகிற கை சும்மா இருக்காதே, மூன்று பக்கமும் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

பழைய கருவிகள் சங்கத்தின் இதழில் மாதாமாதம் "இது எது?" என்று எழுதுகிறீர்களே, அதுபோல இதற்கும் சொல்லுங்கள். இது எது, யார் செய்தது, வைத்துக்கொள்ளலாமா எரிக்கலாமா? நீங்கள் சொல்லிவிட்டால் அப்பா மறுபேச்சு பேசமாட்டார்.

பெரியம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்


மார்ச் 14

அன்பு மகளுக்குப் பெரியப்பாவின் ஆசி.

இங்கே எல்லோரும் நலம். காது போன இடத்திலேயே இருக்கிறது. பெரியம்மாவின் முழங்கால் மழை வருமா வராதா என்று வானொலியைவிடச் சரியாகச் சொல்கிறது. தச்சுப் பட்டறையை உன் அண்ணன் பார்த்துக்கொள்கிறான். ஆர்டர் தலைக்கு மேல். என்னை உள்ளே விடுவதில்லை, விட்டால் எல்லோரையும் திட்டுகிறேனாம்.

படம் பார்த்தேன். சங்கத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர்கள்கூட இப்படி அளவு போட்டு அனுப்பியதில்லை. ஆனால் படத்தைப் பார்த்து நான் வாய் திறக்க மாட்டேன். இழைப்புளியைக் கையில் வாங்காமல் தீர்ப்புச் சொல்கிறவன் தச்சனே இல்லை. இதை முந்தின மாதம்தான் இதழில் எழுதி, இரண்டு பேரைப் பகைத்துக்கொண்டேன். பார்சலில் அனுப்பு.

முத்திரை இல்லை என்கிறாயே, அதுதான் எனக்கு ஆவலாக இருக்கிறது. நம் பட்டறை வழக்கம் உனக்குத் தெரியுமோ என்னவோ. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒவ்வொருவரும் தன் இழைப்புளியைத் தானே செய்து பட்டறைத் தலைவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதை ஒரு பலகையில் ஓட்டிப் பார்ப்பார். பிடித்திருந்தால் "அடி" என்று ஒரு வார்த்தை சொல்வார். அப்புறம்தான் முன் முகத்தில் முத்திரை குத்தலாம், அப்புறம்தான் மேசையில் தனியாக நின்று வேலை பார்க்கலாம். எங்கள் அப்பாவுக்குப் பிறகு அந்த "அடி"யைச் சொன்னது நான். முப்பத்தாறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். முத்திரை இல்லாத கருவி, முகவரி இல்லாத கடிதம் மாதிரி.

உன் அப்பாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

பெரியப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். அப்பாவுக்கு லேசான இருமல், வேறு ஒன்றுமில்லை. பார்சல் இத்துடன் வருகிறது. என் பழைய துணி ஒன்றில் சுற்றியிருக்கிறேன். அந்த அழுக்குத் துணி தொட்டதும் பொடியாகிவிட்டது.

நீங்கள் எழுதிய முத்திரை வழக்கத்தைப் படித்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன். "அப்பா, நீங்களும் அங்க இருந்தீங்கதானே, உங்க இழைப்புளி எங்க?"

டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்னுது தேறலைம்மா. வாய் கோணல். அண்ணன் பார்த்துட்டுச் சொல்லிட்டாரு. அதான் மரக்கிடங்குக்குப் போயிட்டேன். எனக்கு அந்தக் கண்ணு கிடையாது."

இத்தனை வருடத்தில் இது எனக்குத் தெரியாது. மரக்கிடங்கு வேலை பிடித்துத்தான் போனார் என்று நினைத்திருந்தேன். வாய் என்றால் என்ன என்று கேட்டதற்கு, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டார். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

பெரியம்மாவுக்கு முழங்கால் தைலம் ஒரு பாட்டில் பார்சலுக்குள் இருக்கிறது. நீங்கள் அதை இழைப்புளிக்குப் பூசிவிடாதீர்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 20

அன்பு மகளுக்கு ஆசி.

தைலம் உரியவரிடம் சேர்ந்தது. உன் பார்சல் வந்த நாள்முதல் எனக்குத் தூக்கம் குறைந்து, பேச்சு கூடிவிட்டது என்று உன் பெரியம்மா புகார். நீயே கேட்டுக்கொள்.

கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, இது சாதாரணக் கை இல்லை. முதலில் நீ கேட்ட வாயைச் சொல்கிறேன். அடிப்பக்கத்தில், இரும்பின் நுனி எட்டிப் பார்க்கிற பிளவுதான் வாய். மரச்சீவல் அது வழியாகத்தான் மேலே சுருண்டு வரும். முடியளவு கோணினாலும் ஒரு பக்கம் கடிக்கும், மறுபக்கம் வழுக்கும். முதன்முதலில் செய்கிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் அங்கேதான் விழுவார்கள். உன் அப்பா சொன்னதும் அதுதான். நான் பார்த்தேன், கோணலாகத்தான் இருந்தது. என்ன செய்வது, எல்லோருக்கும் எல்லாம் வராது. கிடங்கில் நல்ல பெயர் எடுத்தானே, அது போதாதா.

இந்த இழைப்புளியின் வாயை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையலாம், இரண்டாவது தாள் நுழையாது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அதே இடைவெளி. பலகையில் ஓட்டினேன். சீவல் அறுபடாமல் முழு நீளத்துக்கும் வந்தது, அதன் வழியாகச் செய்தித்தாள் படிக்கலாம். என் இழைப்புளியில் அப்படி வந்ததில்லை. இதை நான் வேறு யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வயது நூற்றிருபதுக்குக் குறையாது. பழைய நிலைக்கதவு மரம். இரும்பு தேய்ந்த அரத்தை அடித்துச் செய்தது, நீ பார்த்த வரிகள் அரத்தின் பற்கள். தேய்மானம் இல்லையே என்பாய். பெரிய ஆட்கள் இப்படி ஒன்றைத் தனியாக வைத்திருந்து, முக்கியமான வேலைக்கு மட்டும் எடுப்பார்கள். பக்கவாட்டில் ஒரு ஆணி ஓட்டையை அடைத்திருக்கிறார்கள் பார், அதன் நடுவில் ஒரு கருப்புப் புள்ளி. இது அவருடைய ரகசிய அடையாளமாக இருக்கலாம் என்பது என் துணிபு. பெயர் பொறிக்க வேண்டிய அவசியமே இல்லாத கை.

எல்லாவற்றையும் எழுதி, படத்தோடு இதழுக்கு அனுப்பிவிட்டேன். மே மாதம் வரும். இரண்டு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எரிப்பதாவது! உன் அப்பாவிடம் சொல், விறகுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று அண்ணன் திட்டினான் என்று சொல்.

பெரியப்பா


மே 19

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

எல்லோரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட்டு வந்தேன். இனி தள்ள முடியாது.

இதழ் வந்த அன்று அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படத்தைப் பிரித்து எதிரே வைத்து, "உங்க விறகைப் பாருங்க, புத்தகத்துல வந்திருக்கு" என்றேன். பெரியப்பா திட்டினார் என்பதையும் சொன்னேன். அப்பா படத்தைப் பார்த்தார். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"யார் அனுப்பச் சொன்னா?"

"நான்தான்."

"இது என்னுதும்மா. நான் செஞ்சது."

இரும்புக் கடையில் வாங்கியது என்றீர்களே என்று கேட்டேன். "பின்ன என்னன்னு சொல்றது? நான் கோணலா செஞ்சது, நாப்பத்தொரு வருஷமா கூடவே வச்சிருக்கேன்னா?" என்றார். இடித்த பழைய பள்ளிக்கூடத்து நிலைக்கதவில் மரம் எடுத்தாராம். அரத்தை ஒரு கொல்லர் அடித்துக் கொடுத்தாராம். அந்த ஆணி ஓட்டையை ஒரு பென்சில் துண்டால் அடைத்தாராம். பெரியப்பா, நீங்கள் ரகசிய அடையாளம் என்று எழுதியது பென்சில் கரி.

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடி எடுத்து வரச் சொன்னார், நீங்கள் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படிப்பவர்போலப் படித்தார். "அண்ணன் ஓட்டிப் பார்த்தாரா? பலகையில வச்சு ஓட்டினாரா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டார். "பெயர் பொறிக்க வேண்டிய அவசியமே இல்லாத கை" என்ற இடத்தில் எழுந்து போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

எனக்கு ஒரே ஒரு விஷயம் இடித்தது. கேட்டேவிட்டேன். "அன்னைக்குக் கோணலா இருந்த வாய் இன்னைக்கு எப்படிப்பா நேரா இருக்கு?"

அவர் அதற்குள் பதிலைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். "மரம் திரும்பும்மா. அண்ணன் பார்த்தப்போ கோணலாத்தான் இருந்திருக்கும். இத்தனை வருஷத்துல காய்ஞ்சு காய்ஞ்சு நேராயிருக்கும். அண்ணன் கண்ணு தப்பாது."

அப்படியும் நடக்குமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்பா தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் மகள்


ஜூன் 30

அன்பு மகளுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. வெயில், கொஞ்சம் அலைச்சல், அதனால் தாமதம்.

மரம் திரும்பும். நன்றாகக் காயாத மரமாக இருந்தால் வருடக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். தம்பி சொல்வதுபோல இருந்திருக்கலாம்.

இழைப்புளியைத் திருப்பி அனுப்புகிறேன். அதோடு பட்டறையின் முத்திரையும் இருக்கிறது. முன் முகத்தில் வைத்துச் சுத்தியலால் ஒரே அடியாக அடிக்கச் சொல். நான் "அடி" என்று சொன்னதாக வைத்துக்கொள்ளட்டும்.

இதழில் திருத்தம் போடுவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

பெரியப்பா


ஜூலை 12

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? கடிதம் சின்னதாக இருந்தது, அதுதான் கேட்கிறேன். ஒரு கேலிகூட இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுதுங்கள்.

பார்சல் வந்தது. அப்பா இன்னும் முத்திரை அடிக்கவில்லை. "அண்ணன் எதிர்ல நின்னு சொல்லணும், அதான் முறை" என்கிறார். இழைப்புளியைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறார். நாங்கள் தட்டு வைக்க இடம் இல்லாமல் மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். எதிர்வீட்டுக்காரர், கேஸ் கொண்டுவருகிறவர், என் மேலதிகாரி, யார் வந்தாலும் இதழை எடுத்துவந்து காட்டி, "எங்க அண்ணன் எழுதினது" என்கிறார். தான் செய்தது என்று சொல்வதைவிட நீங்கள் எழுதியது என்று சொல்லும்போதுதான் வாயெல்லாம் பல்.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. அப்பா உங்களுக்குக் கடிதம் எழுத உட்காருகிறார். எழுதுகிறார், கிழிக்கிறார். கிழித்ததில் ஒன்றைப் பார்த்தேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். "நான்தான் அவசரப்பட்டேன்" என்கிறார். "அண்ணன் இன்னொரு தடவை பார்ப்பாருன்னு ஒன்பது நாள்தான் காத்திருந்தேன். மரம் காயற வரைக்கும் பொறுத்திருக்கணும். கோவிச்சுக்கிட்டு ஓடிட்டேன். எங்கம்மா கடைசி வரைக்கும் அண்ணனோட ஏன்டா பேசமாட்டேங்கறேன்னு அழுதாங்க. நல்லது கெட்டதுக்குப் போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்ததோட சரி. எல்லாம் என்னாலதான்." இப்படித் தினமும் புலம்புகிறார்.

இன்னொன்று. அலுவலகத்தில் மேசை ரிப்பேருக்கு வந்த தச்சரிடம் சும்மா கேட்டேன். "நேரான வாய் கோணலாகும்மா. கோணல் வாய் தானா நேரானதா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல" என்று சிரித்தார். அவருக்கு உங்கள் அளவுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

பதில் போடுங்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 6

அன்பு மகளுக்குப் பெரியம்மா எழுதுவது.

உன் தைலம் தீர்ந்துவிட்டது, முழங்கால் தீரவில்லை. அது கிடக்கட்டும்.

உன் கடைசிக் கடிதத்தில் என்ன எழுதினாய்? நான் உங்கள் விஷயத்தில் தலையிடுகிறவள் இல்லை. ஆனால் மூன்று வாரமாக மனுஷன் பழைய கருவிகளை அடைத்துவைத்திருக்கிற தன் துரு அறைக்குள் போகவில்லை. சங்கத்திலிருந்து இரண்டு பேர் ஒரு ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஆசையாக வந்தார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது, வேற யாரையாவது கேளுங்க" என்று அனுப்பிவிட்டார். நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் இவர் வாயால் "தெரியாது" என்று நான் கேட்டதே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"தம்பிக்கு உடம்புக்கு முடியலையா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். "அவன் என்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறானாம்" என்றார். நல்ல விஷயம்தானே, அதற்கு ஏன் முகம் செத்துப்போக வேண்டும் என்று கேட்டேன். எழுந்து தோட்டத்துக் குழாயடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உன் அப்பாவைக் கொஞ்ச நாளைக்கு ஒன்றும் எழுதவேண்டாம் என்று சொல். ஏன் என்று எனக்குத் தெரியாது. எழுதவேண்டாம் என்று மட்டும் தோன்றுகிறது.

பெரியம்மா


செப்டம்பர் 1

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. உன் இருமல் நின்றுவிட்டதா? உன் மகள் மூலமாக இல்லாமல் நேராக உனக்கு எழுதி எத்தனை காலம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்தேன். எழுதியதே இல்லை.

மரம் திரும்பவில்லை. அந்த வாய் அன்றும் நேராகத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

அன்று காலை ஒரு வாடிக்கையாளர் வந்து எல்லோர் முன்னிலும் என்னை நிற்க வைத்துக் கேட்டார், ஞாபகம் இருக்கிறதா? நான் என் கையால் செய்து கொடுத்த அலமாரி. கதவு மூடவில்லை. "உங்கப்பா இருந்தா இந்த லட்சணத்துல வெளியே விடுவாரா?" என்றார். பட்டறையே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவர் வாசல் தாண்டிப் போகவும் நீ துணியில் சுற்றிய இழைப்புளியோடு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. உன் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. நான் துணியைப் பிரிக்கவில்லை. வாங்கிச் சுவரோரத் தட்டில் வைத்து, "வாய் கோணல், திரும்பச் செய்" என்றேன். எல்லோரும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன். வாய் கோணல் என்று சொன்னால் பத்துக்கு எட்டுத் தடவை சரியாக இருக்கும், அதனால் அதைச் சொன்னேன்.

நீ பார்த்துக்கொண்டுதானே நின்றாய். முடிச்சு அவிழவில்லை என்பது உனக்கும் தெரிந்திருக்கும். முந்தின நாள் மேசைமேல் இருந்தபோது அண்ணன் பார்த்திருப்பார் என்று நீயாகவே எனக்காக ஒரு சமாதானம் செய்துகொண்டிருப்பாய். உன் சுபாவம் அது. இப்போது மரம் திரும்பியது என்கிறாயே, அதுபோல.

ஒன்பது நாள் அந்தத் தட்டிலேயே இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் போனேன். பிரித்துப் பார்த்து, அது நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். பத்தாம் நாள் நீயும் இல்லை, அதுவும் இல்லை. அம்மா கேட்டார்கள். "பார்த்தேம்மா, கோணல்" என்றேன். அதற்குப் பிறகு சொல்லிச் சொல்லி, பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. இந்த ஏப்ரலில் உன் மகளுக்கும் அதையே எழுதினேன். எழுதும்போது உன் இழைப்புளி என் இடது கைப்பக்கம் இருந்தது.

என் கையால் ஓட்டிப் பார்த்தும் அது உன்னுடையது என்று தெரியவில்லை. ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே. வேறு சாட்சி வேண்டுமா? நானே அச்சில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஜூனில் உண்மையைச் சொல்ல வாய்ப்பு வந்தது. நீ கொடுத்த சாக்கை எடுத்துக்கொண்டேன். அதை நினைத்தால் பழையதைவிடக் கூசுகிறது. அன்று எனக்கு முப்பது வயது, அவமானத்தில் இருந்தேன் என்றாவது சொல்லலாம். இப்போது எழுபத்தொன்று.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதே. அதைப் படிக்க என்னிடம் தெம்பு இல்லை. நான் கேட்பது எந்த மூஞ்சியோடு என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். அக்டோபர் இதழில் திருத்தம் வரும். பென்சில் கரியையும் போட்டிருக்கிறேன், செய்தவர் யார் என்பதையும், ஏன் முத்திரை இல்லை என்பதையும். சங்கத்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

உனக்குக் கண் இல்லை என்று உன் மகளிடம் சொன்னாயாம். உனக்கு இருந்தது. எனக்குத்தான் பார்க்க மனசு இல்லை.

அண்ணன்


செப்டம்பர் 25

அண்ணாவுக்கு,

தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. இருமல் நின்றுவிட்டது. அண்ணியின் முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறோம்.

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். முதலில் ஒன்றுமே தோன்றவில்லை. மறுநாள் கோபம் வந்தது. இவ்வளவு கோபம் எனக்குள் இருக்கும் என்று எனக்கே தெரியாது. நாற்பத்தொரு வருடம் அடுத்தவன் மரத்தை அளந்தேன் அண்ணா. நல்ல பலகை ஒன்று வந்தால் தடவிப் பார்த்துவிட்டு லாரியில் ஏற்றிவிடுவேன். முத்திரையை எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றில் போடலாம் என்று தெருமுனை வரை நடந்தேன். எங்கள் தெருவில் கிணறு இல்லை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்தேன்.

உங்களைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. இத்தனை வருடமாகப் பேசாத எல்லாம் வந்தது. நாலாவது பக்கத்தில், "பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒரு மனுஷனால் எப்படிச் சொல்ல முடிந்தது?" என்று எழுதினேன். அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

பல வருடத்துக்கு முந்தைய ஒரு நாள் நினைவுக்கு வந்தது. மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கிடங்கிலிருந்து நான் கொண்டுவந்து போட்டிருந்த துண்டுப் பலகைகளை வைத்து ஒரு முக்காலி செய்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு மாதம் மாடிப்படிக்குக் கீழே ஒளித்துவைத்துச் செய்தாளாம், பிறகு அவள் அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று ஒரு லோடு மழையில் நனைந்துவிட்டது என்று கிடங்கில் எல்லோர் எதிரிலும் திட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரே வைத்தாள். நான் செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை. "கால் ஆடும். நம்ம குடும்பத்துக்கு இது வராது. போய்ப் படி" என்றேன். ஆடுமா என்று எனக்குத் தெரியாது. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் அந்த முக்காலி இல்லை. எங்கே போனது என்று அன்று கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. அதன் பிறகு அவள் ரம்பத்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை. நல்ல பெண், படித்தாள், வேலைக்குப் போனாள். அடுத்தவன் வீட்டுச் சுவரை நாளெல்லாம் வரைகிறாள்.

நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். உங்களை மன்னித்தேனா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. சில நேரம் உண்டு, சில நேரம் இல்லை. இப்போது என் கவலை அது இல்லை.

அவள் அடுத்த அறையில்தான் இருக்கிறாள். ஒரு வாரமாக வாசல்படி வரை போகிறேன். அவள் நிமிர்ந்து "என்னப்பா?" என்கிறாள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன். நேற்று அப்படி மூன்று தடவை கேட்டுவிட்டேன். "அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு" என்று மாப்பிள்ளையிடம் வருத்தப்படுகிறாள்.

நீங்கள் எழுதிவிட்டீர்கள். இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அதற்கு அடுத்து "நான் பார்க்கவில்லை" என்ற அந்த வரியை எப்படி எழுதினீர்கள்? அதைச் சொல்லுங்கள். சீக்கிரம் எழுதுங்கள் அண்ணா.

தம்பி